அம்மாவுக்கு பைபாஸ், அப்பா இன்னும் மொட்டைமாடிக்குப் போகிறார்

கொள்ளிடக்கரை (ஜனவரி 9, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். இந்த இணைய மன்றத்தில் பல வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 63 வயது. டிசம்பர் நடுவில் பைபாஸ் ஆனது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். காயம் நன்றாக ஆறுகிறது. கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். அவருக்கு 69. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வயதில் தொடங்கிய சிகரெட். நான் பார்த்து ஒரு நாளைக்குப் பத்துக்குக் குறைந்ததில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோதாவது குறையும் என்று நினைத்தேன், கூடியது. ஐ.சி.யு. வாசலில் உட்காரவே முடியாமல் அரை மணிக்கு ஒரு தரம் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விடுவார். இப்போது வீட்டுக்குள் பிடிப்பதில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிடித்துவிட்டு இறங்கி வருகிறார். வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த வாடைக்கு அம்மாவுக்கு இருமல் வந்துவிடுகிறது. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இருமும்போதெல்லாம் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தலையணையைக் கட்டிப்பிடித்து இருமுவதை அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு எழுந்து போவார். மறுபடி மாடிக்கு.

நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் வலியில் துடிப்பதைப் பார்த்தும் விட முடியவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள் வீட்டில் துணைக்கு நோய் வந்து, அதனால் இந்த வயதில் புகையை விட்டவர்கள் இருக்கிறார்களா? எப்படி நடந்தது? விடாதவர்கள் கதை இருந்தாலும் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி (ஜனவரி 9, இரவு 11.15)

தங்கச்சி, 69 வயதில் அவரைப் போய் ஏன் வதைக்க வேண்டும்? ஐம்பது வருஷப் பழக்கம். இனி விட்டு என்ன ஆகப்போகிறது? மாடியில்தானே பிடிக்கிறார். மனைவி படுத்திருக்கும் நேரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே ஆறுதலையும் பிடுங்காதீர்கள். என் அப்பாவை நான் அப்படித்தான் விட்டுவிட்டேன்.

வைகைமேடு (ஜனவரி 10, காலை 6.30)

அக்கா, எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஒன்றரை மாதம் தினம் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கக் கூட்டிக்கொண்டு போனோம். அப்பா ஒரு நாள் தவறாமல் கூட வந்தார். சாப்பாடு ஊட்டினார், துணி துவைத்தார், ராத்திரி காலைப் பிடித்துவிட்டார். சிகரெட்டை மட்டும் விடவில்லை. இரண்டு வருஷத்தில் அம்மா போய்விட்டார். அதற்கு மூன்று வருஷம் கழித்து அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து இன்றுவரை அவர் ஒரு சிகரெட் தொடவில்லை.

ஊரே பாராட்டுகிறது. நானும் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் அம்மாவுக்கு வந்தபோது விட முடியாதது, தனக்கு வந்தபோது ஒரே நாளில் எப்படி முடிந்தது? இது எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நாள் கேட்டே விட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க அம்மா ஒரு தடவைகூட என்னை விடச் சொல்லலையேடா" என்றார். அதைக் கேட்ட பிறகு இன்னும் கோபம்தான் வந்தது.

வார்டு ஏழு (ஜனவரி 10, மதியம் 2.05)

நான் நெஞ்சக நோய் மருத்துவர். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வைகைமேடு தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நோயாளிகளின் பிள்ளைகள் என்னிடம் இதே கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு சூழ்நிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிக்கோடினை நிறுத்தினால் மிகக் கடினமானவை முதல் இரண்டு மூன்று நாட்கள். எரிச்சல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் அந்த வாரத்தில்தான் உச்சம், பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். மாரடைப்பு வந்தவர் அந்த உச்ச நாட்களை எங்கே கழிக்கிறார்? ஐ.சி.யு. கட்டிலில். தீப்பெட்டி இல்லை, கடை இல்லை, எழுந்து நடக்கவே அனுமதி இல்லை. வீட்டுக்குப் போகும்போது பாதி மலையை ஏறி முடித்திருப்பார், அதுவும் தெரியாமலே. மனைவி உள்ளே கிடக்கும்போது கணவர் எங்கே இருக்கிறார்? வராந்தாவில். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, பில் கட்ட வேண்டும், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது, எதிரே டீக்கடை. இருபது வயதிலிருந்து மனசு கலங்கும்போதெல்லாம் கை எங்கே போய்ப் பழகியதோ அங்கேதான் போகும். இதை வைத்து மனைவி மேல் இருந்த அன்பை அளக்க முடியாது தம்பி.

தன் உடம்புக்கே அடி விழுந்தவர்களும் எல்லோரும் விட்டுவிடுவதில்லை. ஸ்டென்ட் வைத்து மூன்றே மாதத்தில் மறுபடி பிடிக்கத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். மாரடைப்புக்குப் பிறகு விட்டவர்களுக்கு, தொடர்ந்து பிடித்தவர்களைவிட இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. உங்கள் அப்பா அந்த நல்ல பக்கத்தில் இருக்கிறார்.

ஆலமரத்தடி அண்ணா, "இனி என்ன" என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. பிரிட்டனில் 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 1951லிருந்து 50 ஆண்டு பின்தொடர்ந்து 2004ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 30 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 10 ஆண்டு ஆயுள் கிடைத்தது, 40ல் விட்டவர்களுக்கு 9, 50ல் 6, 60 வயதில் விட்டவர்களுக்கும் 3. ஆயுளை விடுங்கள், 69 வயதில் மாடிப்படி ஏறும்போது இழைக்காமல் இருப்பது என்பது அவருக்கு நாளைக்கே வேண்டியது. பைபாஸ் ஆன மனைவியைக் கைத்தாங்கலாக நடக்கவைக்கப் போகிறவர் அவர்தானே.

கொள்ளிடக்கரை அம்மா, மாடியில் பிடித்துவிட்டு வருவது உள்ளே பிடிப்பதைவிட நிச்சயம் மேல். ஆனாலும் கடைசி இழுப்புக்குப் பிறகு சில நிமிடம் மூச்சிலும், அதைவிட நெடுநேரம் சட்டையிலும் மீசையிலும் விரலிலும் புகை ஒட்டியிருக்கும். உங்கள் அம்மா இருமுவது அதற்குத்தான். இன்றைக்கே செய்யக்கூடியது: மாடிக்கென்று தனியாக ஒரு சட்டை, இறங்கியதும் கை, வாய், முகம் சோப்புப் போட்டுக் கழுவி, கால் மணி நேரம் கழித்து அம்மா அறைக்குள் வருவது. அப்புறம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மா அவரிடம் நேராகக் கேட்டிருக்கிறாரா?

லண்டன் குளிர் (ஜனவரி 10, இரவு 9.50)

நான் இங்கே வயதானவர்களுக்கான பகல் பராமரிப்பு மையத்தில் வேலை செய்கிறேன். இங்கே ஒரு பயிற்சியில் சொன்ன ஆய்வு ஞாபகம் வருகிறது. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களை 2002லிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வில் 3,722 ஜோடிகளை எடுத்துப் பார்த்தார்கள். 2015ல் வெளிவந்தது. கணவன் மனைவி இருவரில் ஒருவர் புகையை விட்டால் மற்றவர் விடுகிறாரா என்று கேள்வி. துணையும் அதே காலத்தில் விட்டிருந்தால் ஆண்களில் 48 சதவீதமும் பெண்களில் 50 சதவீதமும் விட்டார்கள். துணை தொடர்ந்து பிடித்துக்கொண்டிருந்தால் இருபாலரிலும் 8 சதவீதம்தான்.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் மையத்துக்கு வரும் ஒரு வெள்ளைக்கார ஜோடி, இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அவருக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்த வாரம் மனைவியும் நிறுத்தினார். "அவர் முன்னால் பிடித்தால் நான் அவரை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கிறது" என்றார்.

வார்டு ஏழு (ஜனவரி 11, காலை 7.20)

நல்ல ஆய்வு. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாமில் 12,067 பேரின் 32 ஆண்டுத் தகவல்களை வைத்து 2008ல் வந்த ஆய்விலும் இதே போக்குதான்: துணை விட்டால், இவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது.

ஆனால் இதை அப்படியே நம் ஊர் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே இருவரும் பிடிக்கிறார்கள், சேர்ந்து விடுகிறார்கள். இந்தியாவில் 2016-17 புகையிலைக் கணக்கெடுப்புப்படி ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், பெண்களில் 2 சதவீதம். ஆக நம் வீடுகளில் அவர் விட வேண்டும், அவளுக்கு விட ஒன்றும் இல்லை. "நானும் விடுகிறேன், நீங்களும் விடுங்கள்" என்று சொல்ல அவளிடம் எதுவும் கிடையாது. அதனால்தான் பெரும்பாலும் அவள் பேசாமலே இருந்துவிடுகிறாள்.

பொதிகைச் சாரல் (ஜனவரி 11, மாலை 5.30)

டாக்டர் சார், அவளுக்கு விட ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் தென்காசிப் பக்கம் வந்து பாருங்கள்.

எங்கள் அம்மா பீடி சுற்றியவர். பன்னிரண்டு வயதில் முறத்தை மடியில் வைத்தவர், ஐம்பது வருஷம் சுற்றினார். இலையை வெட்டி, தூளை அள்ளிப் போட்டு, சுருட்டி, நூலைக் கட்டி, தலையை மடக்கி, ஒரு நாளைக்கு ஆயிரம். வீடு முழுக்கத் தூள் வாடை. அப்பாவுக்குப் பீடி வெளியில் வாங்க வேண்டியதே இல்லை, கழித்துப்போட்டதை எடுத்துக்கொள்வார். அம்மாவுக்கு வெற்றிலை பாக்கோடு புகையிலை. சுற்றும்போது வாயில் அது இல்லாவிட்டால் கை ஓடாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டரிடம் போனபோது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறது, புகையிலையை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புற்றாக மாறலாம் என்று சொல்லிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் முடிவுக்குக் காத்திருந்தோம். அந்தப் பத்து நாளில் அம்மா வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மாவுக்கு வாய் ஊறி, தலைவலியும் எரிச்சலும் தாங்காமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தபோது, அப்பா திண்ணையில் பீடியைப் பற்றவைத்தார். அம்மா உள்ளேயிருந்து கேட்டார்: "நான் மட்டும்தான் படணுமா இந்தப் பாடு?"

அப்பா பீடியை அணைத்தார். அன்றைக்கு விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து தரம் திருட்டுத்தனமாகப் பிடித்தார், அம்மா கண்டுபிடித்தார், சண்டை நடந்தது. அம்மாவும் ஒரு தரம் பக்கத்து வீட்டில் புகையிலை வாங்கிப் போட்டுவிட்டார், அதை அப்பா கண்டுபிடித்தார். திட்டில் புற்று இல்லை என்று முடிவு வந்தது. இருவரும் நிறுத்தி மூன்றரை வருஷம் ஆகிறது. இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடு என்பதால்தான் முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

வார்டு ஏழு (ஜனவரி 11, இரவு 8.00)

நீங்கள் சொல்வதுதான் சரி, நான் புகையை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன். அதே கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் மெல்லும் புகையிலை பயன்படுத்துகிறார்கள். வாயில் போடுவதும் நிக்கோடின்தான், விடும்போது படும் பாடும் அதேதான்.

தலைமாட்டு விளக்கு (ஜனவரி 12, காலை 11.10)

இங்கே எல்லோரும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பக்கமிருந்து பேசுகிறீர்கள். நான் நோயாளி. வயது 61. நான் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. முப்பது வருஷம் விறகடுப்பில் ஊதி ஊதி நுரையீரல் கெட்டுப்போனது என்று சொன்னார்கள். இப்போது வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது, ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் மூக்கில் குழாய்.

என் கணவர் வெளியே பிடிப்பார் என்றுதான் இருந்தேன். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால், தூக்கம் வராமல் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டே, கையில் தீக்குச்சியை எடுத்துவிட்டார். பழக்கத்தில் கை போய்விட்டது, அவருக்கே தெரியவில்லை. நான் போட்ட சத்தத்தில் தெருவில் உள்ள வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆக்சிஜன் ஓடும் அறையில் நெருப்புப் பொறி பட்டால் துணி, மெத்தை, குழாய் எல்லாம் நொடியில் பற்றும். அதைச் சொல்லித்தான் மிஷினையே கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு அவர் நடுங்கியதை நான் பார்த்தேன். காலையில் தீப்பெட்டி இருந்த சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அவர் விட்டது எனக்கு இரக்கப்பட்டு என்று நான் சொல்ல மாட்டேன். பயந்துபோய் விட்டார். எதனால் விட்டால் என்ன? வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் எல்லோரும் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கொள்ளிடக்கரை, உங்கள் அம்மா பற்றி ஒன்று. நாங்கள் ஏன் கேட்பதில்லை தெரியுமா மகளே? படுத்துக் கிடக்கிறோம். அவர் சமைக்கிறார், மருந்து எடுத்துக் கொடுக்கிறார், சில நாள் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். இவ்வளவு வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்றை எப்படிக் கேட்பது என்று நா எழாது. கேட்க ஆசை இல்லாமல் இல்லை.

வைகைமேடு (ஜனவரி 12, மதியம் 1.00)

அம்மா, உங்கள் கடைசிப் பத்தியை மூன்று தரம் படித்தேன்.

கடைசிப் பஸ் (ஜனவரி 13, இரவு 10.25)

நான் 66 வயது ஆண். இரண்டு தரம் விட்டவன், அதனால் எழுதுகிறேன்.

மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ ஏறும் நாட்களில் அவளுக்கு எந்த வாடையும் ஆகாது. தாளித்தால் வாந்தி, சோப்பு வாடைக்கு வாந்தி. என் சட்டை வாடைக்கும் வாந்தி வந்தபோது சிகரெட்டை நிறுத்தினேன். ஏழு மாதம். அது அவ்வளவு சிரமமாகக்கூட இல்லை, காரணம் கண்முன்னே படுத்திருந்தது. பிறகு சிகிச்சை முடிந்தது, ஸ்கேன் நன்றாக இருந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல நண்பனைப் பார்க்கப் போனேன். அவன் பாக்கெட்டை நீட்டினான். மறுபடி தினம் பன்னிரண்டு.

அவளுக்காக விட்டேன், அவள் குணமானதும் விட வேண்டிய காரணமும் தீர்ந்துவிட்டது. இதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்து, "என்னைப் பார்த்துக்கிட்டீங்க, உங்களைப் பார்த்துக்க எனக்குத் தெம்பில்ல" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் தரம் புகையிலை நிறுத்த ஆலோசனை மையத்துக்குப் போனேன். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார்கள். ஐந்து நிமிடம் என்றேன். அப்படியானால் பிடிப்பு பலமாக இருக்கிறது, மனஉறுதி மட்டும் போதாது என்று நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தார்கள். எனக்கு மேல்வரிசை கட்டுப்பல், அது ஒட்டிக்கொண்டு படுத்தியது. சொன்னதும் தோலில் ஒட்டும் பட்டைக்கு மாற்றினார்கள். வயதானவர்கள் கம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், வேறு வழி இருக்கிறது. இப்போது இரண்டு வருஷம், நாலு மாதம்.

பனங்கூடல் (ஜனவரி 14, காலை 8.45)

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட ஐயாவுக்கு 74 வயது, சுருட்டுக் குடிக்கிறவர். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்து, கதையும் நின்றுபோனது. ஐயாதான் சாப்பாடு தீத்துவார். குழைத்த சோற்றைக் கையால் வாய்க்குக் கொண்டுபோக, அம்மா வாயை இறுக்க மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவா. அக்கா தீத்தினால் சாப்பிடுவா. கதைக்க ஏலாத மனிசி, எதற்கு என்று சொல்லவும் ஏலாது. நாங்கள் அம்மாவுக்கு ஐயாவில் ஏதோ கோபம் என்றுதான் நினைத்தோம்.

ஒருநாள் காலமை ஐயா சுருட்டுப் பற்றவைக்க முதல் தீத்தினார். அம்மா சாப்பிட்டா. ஐயா தன் விரலை மணந்து பார்த்ததை நான் குசினி வாசலில் நின்று கண்டேன். அதுக்குப் பிறகு சாப்பாட்டுக்கு முதல் சுருட்டு இல்லை என்று தானே வைத்துக்கொண்டார். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் தேத்தண்ணி, கஞ்சி என்று பார்த்தால் சுருட்டுக்கு நேரமே மிஞ்சவில்லை. அப்படியே குறைந்து குறைந்து நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இலங்கையில் இருக்கிறவர்கள் 1948 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்துக் கதைக்கலாம், புகைத்தலை விட உதவி செய்வார்கள்.

கொள்ளிடக்கரை (ஜனவரி 19, இரவு 11.00)

பதில் எழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. எதையும் விடாமல் படித்தேன். இரண்டு பதிவுகளை அம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். தலைமாட்டு விளக்கு அம்மா எழுதியதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டார். "நான் கேட்டதே இல்லடி. அவர் பாவம், அலைஞ்சுட்டு வர்றார்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து உள்ளே இழுத்தால் பந்து மேலே போகும். மணிக்கு ஒரு தரம் பத்து இழுப்பு. அப்பாதான் எண்ணுவார், நோட்டில் நேரம் போட்டுக் குறித்துவைப்பார். லைன்மேன் கணக்கு, ஒரு வேளை விடாது. அம்மா மூன்று வாரத்தில் ஒரு பந்திலிருந்து இரண்டுக்கு வந்து, இப்போது மூன்றாவதும் பாதி ஏறுகிறது. என் பையன் "தாத்தா நீங்க ஊதுங்க" என்று நச்சரித்தான். ஊதுவதல்ல, இழுப்பது என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே அப்பா வாயில் வைத்தார்.

ஒரு பந்து ஏறியது. இரண்டாவது கொஞ்சம் எழும்பி விழுந்தது. மறுபடி இழுத்தார், இருமல் வந்துவிட்டது. பையன் சிரித்தான். நெஞ்சைப் பிளந்து ஒரு மாதமான அம்மா இரண்டு பந்தை நிறுத்துகிறார். அப்பா கருவியைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அம்மா கேட்டார். திட்டவில்லை. "நீங்க பக்கத்துல உட்காரணும்னுதான் எனக்கு ஆசை. உட்கார்ந்தா இருமல் வருதே, என்ன பண்றது?" என்றார். நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அப்பா பதில் சொல்லவில்லை. ராத்திரி என்னிடம் வந்து, "ஒண்ணாம் தேதி பென்ஷன் வரும். எப்பவும் அன்னிக்குத்தான் ஒரு பண்டல் வாங்குவேன். அன்னிலேருந்து வாங்கல" என்றார்.

வார்டு ஏழு (ஜனவரி 20, காலை 6.50)

அவரே நாள் குறித்தது நல்லது. அந்த நாளை யாரும் முன்னே இழுக்காதீர்கள்.

சில விஷயங்கள். அந்தக் கருவி நுரையீரல் சோதனை அல்ல, பயிற்சிக்குத்தான். அவருக்குத் தனியாக ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) ஒன்று எடுத்துவிடுங்கள். வாய் வைக்கும் கருவியை இருவரும் பகிர வேண்டாம், அம்மாவுக்கு இப்போது சளித் தொற்று வரக்கூடாது.

காபி பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். புகை கல்லீரலைத் தூண்டி, காபியில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் வெளியேற்ற வைக்கும். புகையை நிறுத்தியதும் அதே காபி உடம்பில் நெடுநேரம் தங்கும். நாலு டம்ளர் குடிப்பவருக்கு எட்டு டம்ளர் குடித்தது போலப் படபடப்பும் தூக்கமின்மையும் வரும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மறுபடி பற்றவைப்பார்கள். முதல் நாளிலிருந்தே காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால்தான் இழைப்புக்கு டெரிஃபிலின் போன்ற தியோஃபிலின் மாத்திரை எடுப்பவர்கள் புகையை நிறுத்துவதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

ஆசை எழும்பினால் சில நிமிடத்தில் அதுவே தணியும். அந்தச் சில நிமிடத்துக்குக் கையில் ஒரு வேலை வேண்டும். அம்மாவின் பத்து இழுப்பை எண்ணுவது நல்ல வேலை. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் அச்சிட்டிருக்கிறது, கட்டணம் இல்லை. அவரே பேசட்டும், அவருக்காக நீங்கள் பேச வேண்டாம்.

ஆலமரத்தடி (ஜனவரி 20, இரவு 9.30)

தங்கச்சி, நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். என் அப்பாவை நான் விட்டுவிட்டது அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றா, கேட்டு மறுத்துவிடுவாரோ என்ற பயத்திலா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். இந்த ஞாயிறு ஊருக்குப் போகிறேன்.

கொள்ளிடக்கரை (பிப்ரவரி 13, இரவு 10.10)

பன்னிரண்டு நாள் முடிந்தது. முதல் மூன்று நாள் வீட்டில் யாரும் அவர் பக்கம் போகவில்லை. தட்டைத் தள்ளிவிட்டார், பேரனைக்கூட அதட்டினார். காபியை ஒன்றரை டம்ளராகக் குறைத்தோம், தூக்கம் பரவாயில்லை. பதினோராம் நாள் அம்மாவுக்கு ராத்திரி படபடப்பு வந்து பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பாவைக் காணோம். திரும்பி வந்தபோது வாடை அடித்தது. அம்மாதான் முதலில் பேசினார்: "ஒண்ணுதானே? சரி விடுங்க, நாளைக்குப் பார்ப்போம்."

பழைய நானாக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பேன். டாக்டர் எழுதிய வராந்தாவும் டீக்கடையும் ஞாபகம் வந்தது, பேசாமல் ஆட்டோவில் ஏறினேன். இன்றைக்குப் பிடிக்கவில்லை.

வைகைமேடு (பிப்ரவரி 14, மாலை 6.15)

அக்கா, டாக்டர் எனக்கு எழுதிய பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலில் கிடந்தவருக்கும் வராந்தாவில் நின்றவருக்கும் உள்ள வித்தியாசம் பற்றி எழுதியிருந்தாரே, அதை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "கதவுக்கு வெளியே ஒரு நீல பெஞ்ச் இருந்துச்சு. அதுல ஒரு நிமிஷம்கூட என்னால உட்கார முடியலடா" என்றார். அந்த நாட்களைப் பற்றி அவர் வாய் திறந்ததே இதுதான் முதல் தடவை. அப்புறம் இருவரும் அம்மாவைப் பற்றி ராத்திரி பதினொரு மணி வரை பேசிக்கொண்டிருந்தோம்.

கொள்ளிடக்கரை (மார்ச் 22, காலை 9.00)

லண்டன் குளிர் அக்கா தனிச்செய்தியில் கேட்டிருந்தார், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி ராத்திரிக்குப் பிறகு இன்னும் ஒரு தரம், ஒரு சாவு வீட்டில் பிடித்தார். தானே வந்து சொன்னார். அதற்குப் பிறகு இல்லை. ஸ்பைரோமெட்ரியில் நுரையீரல் அடைப்பு நடுத்தர அளவில் இருக்கிறது என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது.

அவருக்கும் தனியாக ஒரு மூன்று பந்துக் கருவி வாங்கிக் கொடுத்தேன். அம்மா அதே நோட்டில் பக்கத்துப் பத்தியில் அவர் கணக்கை எழுதுகிறார். காலை ஆறரைக்கு இருவரும் கோயில் தெரு முனை வரை நடக்கிறார்கள். அப்பாவுக்கு இழைத்தால் அம்மா நிற்கிறார், அம்மாவுக்கு இழைத்தால் அப்பா நிற்கிறார். நேற்று இரண்டாவது பந்து மூன்று நொடி நின்றது என்று நோட்டில் அம்மா கையெழுத்தில் இருக்கிறது.